மேளம் தொடங்கும் முன்பு நாயனக்காரரைப் படம் எடுத்தல்: முழுமையான வழிகாட்டி

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் நடக்கும் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வரும் நாகஸ்வர வித்வான்களை, அதாவது நாயனக்காரர்களை, அவர்கள் வாசிக்க உட்காருவதற்கு முன்னால் உருவப்படம் எடுத்துத் தருவது என் வேலைகளுள் ஒன்று. என்னுடன் உதவிக்கு வரும் இளைஞர்கள் கேமராவை நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய முதல் சில படங்கள் கெட்டுப்போகின்றன. காரணம் பெரும்பாலும் நேரம்தான்.

வித்வானின் ஆயத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குளித்து, உடுத்தி, திருநீறு இட்டுக்கொண்டு, வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து வணங்கி, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியை நனைத்துப் பதம் பார்த்து, சுருதி சேர்த்து, அதன் பிறகே அவர் வாசிக்கத் தொடங்குகிறார். இந்த ஒழுங்கில் நமக்கு உரிய நேரம், அவர் உடுத்தி முடித்ததற்கும் சீவாளியை வாயில் வைப்பதற்கும் இடையே கிடைக்கும் பதினைந்து இருபது நிமிடங்கள் மட்டுமே. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நிமிடங்களை வீணாக்காமல் இருப்பதற்காக வரிசைப்படுத்தப்பட்டவை. வரிசையை மாற்றினால் ஒரு படியின் தவறு அடுத்த படியில் வந்து நிற்கும்.

1. முதல் நாளே வித்வானிடம் நேரில் அல்லது தொலைபேசியில் பேசுங்கள்

மண்டபத்து மேலாளரிடமோ பெண் வீட்டாரிடமோ சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் சொல்லும் செய்தி வித்வானுக்குப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் ‘யாரோ போட்டோக்காரர் வருவாராம்’ என்ற அளவில்தான் சேரும். செட்டின், அதாவது மேளக் குழுவின், முதல் நாயனக்காரரிடம் நீங்களே பேசுங்கள். நம் பக்கத்தில் ‘அண்ணே’ என்பது சகஜம் என்றாலும் முதல் பேச்சில் ‘ஐயா’ என்பதே பொருத்தம். பழகிய பிறகு அவரே ‘தம்பி’ என்பார், அப்போது ‘அண்ணே’ தானாக வந்துவிடும்.

அவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு உடுத்தித் தயாராவார், எத்தனை மணிக்குச் சீவாளியை எடுப்பார், படம் எதற்குப் பயன்படப் போகிறது என்பவையே அவை. கச்சேரி நோட்டீஸுக்கான படத்துக்கும் வீட்டுக் கூடத்தில் மாட்டும் படத்துக்கும் சட்டகம் வேறு. அதை முன்பே அறிந்தால்தான் பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரியும்.

முகூர்த்தம் காலை 6 மணி முதல் 7.30 மணிக்குள் என்றால் மேளம் விடியும் முன்பே தொடங்கிவிடும். அந்த இருட்டில், மண்டபத்து விளக்கை மட்டும் நம்பி நல்ல உருவப்படம் எடுப்பது கடினம். அப்படிப்பட்ட திருமணங்களில் முதல் நாள் மாலை, மாப்பிள்ளை அழைப்புக்கு முன் ஐந்து மணியளவில் எடுத்துவிடுவதே என் வழக்கம். வாசித்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இரண்டு மணி நேரம் ஊதிய பிறகு உதடு தடித்திருக்கும், கண் சிவந்திருக்கும், திருநீறு வியர்வையில் கரைந்திருக்கும். அவருக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் எண்ணமே இருக்கும்.

2. இடத்தை ஒளியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பின்னணியைப் பார்த்து இடம் தேடுகிறார்கள். கோபுரம் தெரிய வேண்டும், தேர் தெரிய வேண்டும் என்று. முகத்தில் விழும் ஒளியை முதலில் பாருங்கள், பின்னணி அதற்குப் பிறகு.

மதுரையில் ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை மாதம் பிறக்கும் நாட்களிலும், மறுபடியும் ஆகஸ்ட் மாத இறுதியிலும், உச்சிப் பொழுதில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெயிலில் நிறுத்தினால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். மூக்கின் நிழல் மீசையோடு சேர்ந்துவிடும். ஆகவே காலை எட்டரை மணிக்கு முன், மாலை நாலரை மணிக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் திண்ணை, மண்டபத்து முகப்பு, வாசற்படிக்கு உள்பக்கம் ஆகியவற்றுள் ஒன்றுக்குப் போய்விடுங்கள். வாசலிலிருந்து மூன்றடி உள்ளே அவரை நிறுத்தி, முகம் வாசலைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கும்படி செய்தால், வெளி வானத்தின் ஒளி ஒரு கன்னத்தில் நன்றாகவும் மறு கன்னத்தில் மெல்லவும் விழும். கண்ணின் கருமணியில் வாசலின் வெளிச்சம் சிறு கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டம் தெரியாத கண், படத்தில் தூங்கி வழிவதைப் போல இருக்கும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. எனவே அங்கு வாசிக்க வரும் வித்வானை வெளியே, கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில்தான் எடுக்க முடியும். காலையில் மேலச் சித்திரை வீதிக்குப் போங்கள்: கோயில் மதிலின் நிழல் அப்போது அந்த வீதியில்தான் விழும், மதிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் மேற்கு வானத்தின் மென்மையான ஒளி படும். அதே நேரத்தில் கீழச் சித்திரை வீதியில் நிறுத்தினால் எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்குவார். மாலையில் இது அப்படியே தலைகீழாகும்.

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்து ஆலமரங்களைப் போன்ற இடங்கள் கண்ணுக்கு அழகாக இருந்தாலும், மரத்தடியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. இலை இடுக்கில் இறங்கும் வெயில் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழும். இலையின் பச்சை வெள்ளை வேட்டியில் ஏறிக்கொள்ளும். மரத்தடிக்கு நடுவில் நிறுத்தாமல், நிழல் முடியும் விளிம்பில் வெளியைப் பார்த்து நிறுத்தினால் இரண்டும் நீங்கும்.

3. கையோடு கொண்டுபோக வேண்டியவை

ஒரு கேமரா, 50 அல்லது 85 மி.மீ. லென்ஸ், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இரண்டு, ஒரு முக்காலி இருந்தால் போதும். இவற்றோடு நான் எப்போதும் எடுத்துச் செல்வது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் தகடு. நிழல் விழும் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் உதவியாளர் அதைச் சாய்த்துப் பிடித்தால் தாடைக்குக் கீழே உள்ள கருமை கலையும். வெள்ளி நிறப் பிரதிபலிப்பானைவிட இதுவே எனக்குப் பிடித்தம். வெள்ளித் தகட்டின் ஒளி கண்ணைக் கூசவைக்கும், மெருகேறிய நாயனத்தின் மேல் கோடாக விழும்.

சலவை செய்த பருத்தித் துண்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதை வித்வானிடம் கொடுத்து அவரையே ஒற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். நீங்கள் துடைத்துவிடக் கூடாது.

4. ஒளியளவை அவர் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்

உதவியாளரை வித்வான் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துண்டு போர்த்தி நிறுத்தி, எல்லா அளவுகளையும் சரிபார்த்த பிறகே அவரை அழையுங்கள். அவர் நின்ற பிறகு பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்தால் முதல் ஐந்து நிமிடத்தின் மலர்ச்சி முகத்திலிருந்து போய்விடும், அது திரும்ப வராது.

வெள்ளை வேட்டி, வெள்ளை அங்கவஸ்திரம், கறுத்த மேனி என்பது கேமராவைக் குழப்பும் சேர்க்கை. சட்டகம் முழுவதையும் சராசரியாகப் பார்த்து ஒளியளவை முடிவு செய்ய விட்டால், வெள்ளையைக் கண்டு கேமரா ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். புள்ளி அளவீட்டுக்கு மாற்றிக் கன்னத்தில் அளந்தாலோ, கேமரா அந்தக் கறுப்பை நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும், மேனி உண்மையைவிட வெளுத்துப்போகும். ஆகவே கன்னத்தில் அளந்து, அதிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). பிறகு வேட்டியின் மடிப்பும் ஜரிகைக் கரையும் தெரிகின்றனவா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமரா பதப்படுத்தாத ரா (RAW) கோப்பாக எடுத்தால் சிறு பிழைகளைப் பின்னர் திருத்தலாம். ஆனால் வெளுத்துப்போன வெள்ளையை மீட்க முடியாது.

திருத்தும்போது முகத்தை வெளுக்கச் செய்வது இன்று பெரும்பாலான ஸ்டுடியோக்களில் வழக்கமாகிவிட்டது. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். அவர் நிறம் அவருடையது. அதோடு, நெற்றியிலும் தோளிலும் உள்ள திருநீற்றுப் பட்டைகள் எடுப்பாகத் தெரிவதே அந்தக் கறுப்பின் மேல்தான். மேனியை வெளுத்தால் பட்டைகள் மங்கிவிடும்.

மண்டபத்துக்குள் எடுக்க நேர்ந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன; அதற்குப் பொருந்தாத வேகத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். அப்படியும் பட்டை தெரிந்தால் ஓசையில்லா மின்னணு ஷட்டரை விட்டு இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். ஊதா, இளஞ்சிவப்பு அலங்கார விளக்குகள் முகத்தில் விழுந்தால் எந்தத் திருத்தத்தாலும் சரிசெய்ய முடியாது. பத்து நிமிடம் அணைத்து வைக்க அலங்காரக்காரரிடம் பணிவாகக் கேளுங்கள்.

5. உடையைப் பார்வையால் சரிபாருங்கள்

தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இடுப்பில் செருகிய கைபேசி, ஜிப்பாப் பையில் துருத்தும் கண்ணாடிக்கூடு, ஒரு பக்கம் மட்டும் இறங்கிய அங்கவஸ்திரம், பின்னால் தெரியும் தண்ணீர் பாட்டில் ஆகியவையே அடிக்கடி தப்பிப்போகின்றன. குறையைச் சொல்லுங்கள், அவரே சரிசெய்துகொள்வார். பெண் வித்வான்கள் இப்போது பலர் வாசிக்கிறார்கள்; அவர்களுடைய முந்தானையோ பூவோ சரிந்திருந்தால் வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூக்குக்கண்ணாடியை எப்போதும் அணிபவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள். அதில்லாத முகம் அவரை அறிந்தவர்களுக்கு வேறு யாரோ போல இருக்கும். மோவாயை ஒரு விரற்கடை கீழே இறக்கச் சொன்னால் கண்ணாடியில் விழும் வாசலின் ஒளி விலகிவிடும்.

6. வாத்தியத்தை அவர் எடுக்கட்டும்

நாயனத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். தரையில் வைக்கச் சொல்லாதீர்கள், தாண்டாதீர்கள். சீவாளியை விரலால் தொடவே தொடாதீர்கள். அது நாணலில் செய்த மெல்லிய பொருள், நுனி எளிதில் பிளக்கும். மேலும் அது அவருடைய வாய்க்குள் போவது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சீவாளி பொருத்தாத நாயனத்தோடு எடுத்த படம், இசை அறிந்தவர் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும். சீவாளியைப் பொருத்தும் உலோகக் குழலான கெண்டை மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வாசிக்கப் போகும் சீவாளியை நனைத்துப் பொருத்தச் சொன்னால் அவருடைய ஆயத்தத்தில் நாம் கைவைத்ததாகிவிடும். ஆகவே படத்துக்கென ஒரு பழைய சீவாளியைப் பொருத்திக்கொள்ளும்படி முதல் நாள் பேசும்போதே கேட்டுவையுங்கள். எல்லா நாயனக்காரர்களிடமும் பழையது நாலைந்து இருக்கும்.

இதை நான் கற்றது ஒரு தவறினால். மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், நனைத்துப் பதம் செய்த சீவாளியோடு வந்து நின்ற பெரியவரை, லென்ஸை மாற்றுகிறேன், இடத்தை மாற்றுகிறேன் என்று மின்விசிறிக்கு எதிரே நிறுத்தி வைத்துவிட்டேன். அவர் சீவாளியை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, காஞ்சுபோச்சு. இனி இது நம்ம பேச்சைக் கேக்காது” என்றார். கோபப்படவில்லை. நாயனத்தில் தொங்கிய சரத்திலிருந்து வேறொன்றை அவிழ்த்து, நனைத்து, குச்சியை நுழைத்து அதன் வாயைத் திறந்து, மறுபடி சுருதியோடு ஒத்துப் பார்த்தார். மேளம் கால் மணி நேரம் தாமதமானது. விழாக் குழுவினர் கடிந்துகொண்டது அவரை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நனைத்த சீவாளி கண்ணில் பட்டால் நான் கேட்டுப் படம் எடுப்பதை நிறுத்திவிடுகிறேன்.

7. நாயனத்தைச் சட்டகத்துக்குள் வைக்கும் முறை

நாயனம் ஏறக்குறைய இரண்டரை அடி நீளமுள்ளது. இந்த நீளமே பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது. கைபேசியின் வழக்கமான அகல லென்ஸில், மூன்றடி தொலைவிலிருந்து, நாயனத்தின் அகன்ற அடிவாயான அணசு நம்மைப் பார்த்து நீட்டியிருக்க எடுத்தால், அணசு முகத்தளவுக்குப் பெருத்துவிடும். கைபேசி என்றால் இரு மடங்கு லென்ஸுக்கு மாற்றி ஆறேழு அடி பின்னால் வாருங்கள். பின்னணியை மங்கச் செய்யும் உருவப்பட முறையையும் அணைத்துவிடுங்கள். அது நாயனத்தில் தொங்கும் சீவாளிச் சரத்தின் நூலைப் பின்னணி என்று எண்ணி அழித்துவிடும்.

கேமராவில் 85 மி.மீ. லென்ஸோடு இரண்டு மீட்டர் தொலைவில் எஃப் 1.8 திறப்பில் எடுத்தால், முழுச் சட்டக உணரியில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், விரல்கள் கலங்கிவிடும். நாயனக்காரரின் படத்தில் விரல்களும் முகத்துக்கு நிகரானவை. எஃப் 4 வரை திறப்பைச் சுருக்கினால் ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர் ஆகும். அதுவும் போதாது என்பதால் நாயனம் கேமராவுக்கு ஏறக்குறைய இணையாக, மார்பின் குறுக்கே சாய்வாக இருக்கும்படி அவரைச் சற்றுத் திரும்பச் சொல்லுங்கள். அப்போது கண்ணும் விரலும் அணசும் ஒரே தளத்துக்கு அருகில் வந்துவிடும்.

விரல்கள் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ‘வாசிக்கப் போறப்ப எப்படிப் பிடிப்பீங்களோ அப்படியே, ஐயா’ என்றால் போதும். விரல்கள் தாமாகத் துளைகளின் மேல் போய் உட்காரும், தோள் இறங்கும். அந்த நொடியில் முகமும் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். முதல் நல்ல படம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

ஊதுவது போல நடிக்கச் சொல்வது இந்த வேலையில் நான் காணும் மிகப் பொதுவான பிழை. காற்று இல்லாமல் உப்பிய கன்னம், உண்மையாக ஊதும் கன்னம் போல இருக்காது; கழுத்து நரம்பு தளர்ந்திருக்கும், கண்ணில் கவனம் இருக்காது. வாசிக்கும் தோற்றம் வேண்டுமென்றால் ஒன்பதாம் படிவரை காத்திருங்கள்.

8. எடுக்கும் வரிசை

முதலில் வாத்தியத்தோடு இடுப்புவரை. பிறகு முகமும் மேல் கையும், அதாவது நாயனத்தின் மேல் துளைகளில் இருக்கும் கையும், மட்டும். அதன் பிறகு முழு உருவம். முழு உருவத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதில் கைகால் எல்லாம் தெரிவதால் பழகாதவர் விறைத்துப்போவார். பத்துப் படம் எடுத்த பிறகு அந்த விறைப்பு தளர்ந்திருக்கும்.

ஒவ்வொரு நிலையிலும் ஆறேழு படங்களுக்கு மேல் வேண்டாம். இடையில் பேச்சுக் கொடுங்கள்; இன்று எந்த ராகத்தில் தொடங்குவதாக இருக்கிறார் என்று கேளுங்கள். அதற்கான விடையை அவர் மனதுக்குள் தேடும்போது கேமரா இருப்பதை மறந்துவிடுவார். சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டாவது நிமிடத்தில் நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள்.

9. சீவாளி நனையும்போது தொலைவில் நில்லுங்கள்

இப்போது அவர் தம் வேலைக்குத் திரும்பிவிட்டார். பத்தடி தள்ளி, ஒரே இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முடிந்தால் ஓசையில்லா ஷட்டரில் எடுங்கள். சீவாளியை உதட்டிடையே வைத்து ஈரமாக்குவது, வெளிச்சத்தில் தூக்கி அதன் வாயைப் பார்ப்பது, கெண்டையில் பொருத்தித் தலையைச் சாய்த்துச் சுருதிப் பெட்டியைக் கேட்பது ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். மூன்றாவதில் அவர் ஒற்றை சட்ஜத்தை ஊதும்போது, நீங்கள் தேடிய வாசிக்கும் முகம் உண்மையாகவே உங்கள் முன் இருக்கும். ‘இன்னொரு தடவை ஊதுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

10. தவில்காரரையும் மறவாதீர்கள்

நாயனக்காரரை எடுத்துவிட்டுத் தவில்காரரை விட்டுவிடுவது மரியாதைக் குறைவு. அவருக்கான நேரம், வலக்கை விரல்களில், தவிலை அடிப்பதற்கான கெட்டியான கூடுகளை மாட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பு. மாட்டிய பிறகு அங்கவஸ்திரத்தைக்கூட அவரால் எளிதாகச் சரிசெய்துகொள்ள முடியாது. கூடுகளை ஒவ்வொரு விரலாக மாட்டும் காட்சியைத் தனியே, கைகளுக்கு அருகில் சென்று எடுங்கள்.

தவிலை வெயிலிலோ சூடான விளக்குக்கு எதிரிலோ வைக்கச் சொல்லக் கூடாது. வெப்பத்தில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும். இப்போதைய தவில்களில் வார் இருந்த இடத்தில் எஃகு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டதால் அவற்றில் ஒளி பளிச்சிடும். தவிலை ஓர் அங்குலம் முன்னால் சாய்த்தாலே அது நீங்கிவிடும். செட் முழுவதையும் சேர்த்து எடுக்கும்போது தாளக்காரரும் சுருதிப் பெட்டி வைத்திருப்பவரும் ஓரத்தில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. படத்தைக் கொடுக்கும்போது

அங்கேயே இரண்டு படங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டிவிட்டு வாருங்கள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விரல்களைப் பார்ப்பார். ஒரு விரல் துளையை விட்டு விலகியிருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஏ4 அளவு நோட்டீஸில் முழுப் பக்கத்துக்கு அச்சிட 2480க்கு 3508 பிக்ஸல் வேண்டும். நோட்டீஸ் வடிவமைப்பவருக்குச் செல்லும் கோப்போடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: படத்தை இடவலமாகத் திருப்பிப் போடக் கூடாது. எழுத்துக்கு இடம் வேண்டும் என்று அவர்கள் திருப்பிவிட்டால் மேல் கை வலக்கையாகிவிடும், தவிலில் கழி பிடித்த கை மாறிவிடும். ஊரெல்லாம் ஒட்டிய பிறகு வித்வானின் சீடர்கள்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார்கள்.